பழைய வள்ளத்துக்கு எந்த எண்ணெய், எந்தப் பிசின்? இயற்கைப் பூச்சு பற்றி அறிந்தவர்கள் வழிகாட்டுங்கள்

கொற்கைத்துறை எழுதியது:

வணக்கம். எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டியது. என் தாத்தா தொழில் செய்த வள்ளம் ஒன்று இன்னும் எங்களிடம் இருக்கிறது. பாய் விரித்து ஓடியது. இயந்திரம் பொருத்தப்படவே இல்லை. பலகைகள் அயினி, விலாக்கட்டைகள் இயல்பாகவே வளைந்து வளர்ந்த நாட்டுக் கருவேலம். கண்ணாடியிழைப் படகுகள் வந்தபிறகு இப்படி ஒன்றைக் கட்டத் தெரிந்த ஓடாவிகள் எங்கள் கரையில் அருகிவிட்டார்கள். ஊர் நூலகத்தார் தங்கள் முற்றத்தில் இதை வைக்க இடம் தந்திருக்கிறார்கள். மேலே கூரை உண்டு, பக்கங்கள் திறந்திருக்கும்.

வெளிப்புறத்தில் பல அடுக்கு எனாமல் பெயிண்ட். உட்புறம் மீன் எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கிறது. பெயிண்ட் கடையில் விசாரித்தபோது, முழுவதும் இழைத்து வெறும் மரத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு டப்பாவைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் அடித்தால் பல ஆண்டுக்குக் கவலையே இல்லை என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தாத்தா கை பட்ட மரத்தைச் சுரண்டி, அதன்மேல் பிளாஸ்டிக் போர்த்துவது போலத் தோன்றுகிறது. ஆளிவிதை எண்ணெய், குங்கிலியம், மீன் எண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் பூசலாம்? பழைய பெயிண்டை என்ன செய்வது?

---

உளிச்சத்தம் எழுதியது:

தம்பி, டப்பா எதையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். முதலில் மூன்று விஷயங்களுக்குப் பதில் வேண்டும். வள்ளம் மறுபடி தண்ணீரில் இறங்குமா, இல்லை தரையிலேயே நிற்குமா? மரத்தில் ஈரம் எவ்வளவு? ஆணிகள் இரும்பா, செம்பா?

நான் நாகர்கோவில் பக்கம் பழைய மரவேலைகளைச் சீர்செய்பவன். கதவு, தூண், உத்தரம், அவ்வப்போது படகு. என் கைக்கு வரும் கெட்டுப்போன மரங்களில் பெரும்பகுதி பூச்சு இல்லாததால் கெட்டவை அல்ல. ஈரம் வெளியேற வழியின்றி அடைத்துப் பூசியதால் கெட்டவை. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20-க்குக் கீழே இருந்தால் பூஞ்சை அழுகல் தொடங்காது. அதற்கு மேலே போய் அங்கேயே தங்கினால் உள்ளிருந்து உளுக்கும். கடல் மரத்தில் உப்பு ஏறியிருக்கும். மழைக்காலத்தில் உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த மரத்துக்கு மேலே கெட்டியான படலம் ஒன்றைப் போட்டால், படலத்தில் மயிரிழை விரிசல் விழும் நாளிலிருந்து தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. மேலே பளபளவென்று இருக்கும். குத்தூசியால் குத்தினால் உள்ளே சோறாகக் குழையும்.

ஆகவே நல்ல குத்தூசி ஒன்றை எடுத்துக்கொண்டு ஏரா (வள்ளத்தின் அடிமரம்) முழுவதும், விலாக்கட்டைகளின் அடிமுனைகள், அணியத்தில் (முன்முனையில்) பலகைகள் கூடும் இடம், ஒவ்வொரு ஆணித் தலையின் சுற்றுப்புறம் ஆகியவற்றை மெல்லக் குத்திப் பாருங்கள். இரும்பாணி துருப்பிடிக்கும்போது தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் மென்மையாக்கிவிடும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

---

கரும்பலகை எழுதியது:

வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணெய் என்றால் எல்லாம் ஒன்று என்ற எண்ணத்தில்தான் பல நல்ல மரங்கள் வீணாகின்றன. அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பூச்சு எண்ணெய் காய்வது என்பது தண்ணீர் ஆவியாவது போன்றது அல்ல. எண்ணெய் மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனைப் பற்றிக்கொண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. திரவமாக இருந்தது வலையாகி இறுகுகிறது. ஆக்ஸிஜனை ஏற்பதால் எடைகூடக் கூடுகிறது. எந்த எண்ணெயில் எத்தனை இரட்டைப் பிணைப்பு என்பதை அயோடின் எண் காட்டும். 130-க்கு மேல் இருந்தால் காயும் எண்ணெய். ஆளிவிதை எண்ணெய்க்கு ஏறத்தாழ 170 முதல் 200 வரை. மத்தி எண்ணெய் 150-ஐத் தாண்டும். நல்லெண்ணெய் 110 அளவில் நடுவே நிற்கிறது. ஆமணக்கு 85 அளவில். தேங்காய் எண்ணெய் 10-ஐ ஒட்டி. அதாவது தேங்காய் எண்ணெயை மரத்தில் தேய்த்தால் அது எத்தனை காலம் ஆனாலும் காயாது. பிசுபிசுப்பாகவே இருந்து தூசியைச் சேர்த்துக் கறுக்கும். பழைய கதவு, தூண், தேர்ச் சிற்பங்களில் கெட்டியாகப் படிந்திருக்கும் அழுக்கில் பெரும்பங்கு இப்படிப்பட்ட எண்ணெயால் வந்ததுதான்.

சீனத்து டங் எண்ணெயின் அயோடின் எண் ஆளிவிதையைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் அதன் இரட்டைப் பிணைப்புகள் அடுத்தடுத்து அமைந்திருப்பதால் வேகமாக இறுகும், தண்ணீரையும் நன்றாகத் தாங்கும். வெளிநாட்டில் மரப்படகுகளுக்கென்று விற்கும் பழைய பாணி வார்னிஷ்களில் ஆளிவிதையும் டங்கும் சேர்ந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

---

புன்னைநிழல் எழுதியது:

ஐயா, எங்கள் பெரியவர்கள் படகுக்குப் புன்னை எண்ணெய் தடவியதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். புன்னையும் காயாத எண்ணெய்தானே? அப்படியென்றால் அவர்கள் அறியாமல் செய்தார்களா?

---

கரும்பலகை எழுதியது:

அறிந்தே செய்தார்கள் என்பது என் கருத்து. புன்னை எண்ணெய் தானாக இறுகும் வகை அல்ல என்பது உண்மை. ஆனால் அதிலேயே பிசின் கலந்திருக்கும், கடுமையான மணமும் கசப்பும் உண்டு. அன்றாடம் கடலுக்குப் போகும் கலத்தில் எண்ணெய் காய வேண்டிய கட்டாயமும் இல்லை: உப்புத் தண்ணீர் கழுவிக்கொண்டே போகும், இவர்கள் தடவிக்கொண்டே இருப்பார்கள். ஓடும் படகுக்குப் பொருந்தியது தூசி பறக்கும் நூலக முற்றத்தில் அசையாமல் நிற்கும் வள்ளத்துக்குப் பொருந்தாது.

---

காயல்வாசி எழுதியது:

நான் ஆலப்புழையில் குடியேறிய தமிழன். இங்கே போட்டிகளில் ஓடும் சுண்டன் வள்ளங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவையும் ஆஞ்சிலி மரத்தில்தான் செய்யப்படுகின்றன. நம் அயினியும் அதுவும் ஒரே மரம். 100 அடிக்கு மேல் நீளமுள்ள அந்த வள்ளங்களுக்கு மீன் எண்ணெயுடன் சிரட்டைக்கரியும் முட்டையும் சேர்த்துப் பூசுவது மரபு. எண்ணெய் உள்ளே இறங்கும். கரி கறுப்பு நிறத்தைக் கொடுத்து வெயிலை மறைக்கும். முட்டையால் மேற்பரப்பு வழுவழுப்பாகித் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு ஓடும். உங்கள் மாவட்டத்துக்கு அருகில் பத்மநாபபுரம் அரண்மனையின் கண்ணாடிபோல் மின்னும் கறுப்புத் தரையைப் பார்த்திருப்பீர்கள். அதிலும் சிரட்டைக்கரியும் முட்டை வெண்கருவும் சேர்ந்தன என்றே சொல்லப்படுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். சுண்டன் வள்ளம் அழகாக நிற்பதற்குப் பூச்சின் கலவை மட்டும் காரணம் அல்ல. போட்டிக் காலம் தவிர மற்ற நாட்களில் அது கரையேறி, தனக்கென்று கட்டிய கொட்டகையில் நிழலில் இருக்கும். போட்டிக்கு முன்னால் கரைக்காரர்கள் எல்லாரும் கூடி எண்ணெய் தேய்ப்பார்கள். 1952-இலிருந்து நேரு கோப்பைக்காக வள்ளங்கள் ஓடுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பராமரிப்பு நடக்கிறது.

பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டும் கெட்டுவள்ளங்களுக்கு முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் கறுப்பு எண்ணெயைப் பூசுவார்கள். பூச்சி அண்டாது, தண்ணீரும் ஏறாது. பண்ருட்டிப் பக்கத்திலும் அது கிடைக்கும். ஆனால் எச்சரிக்கை: அது தோலைப் பொசுக்கிவிடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது. குழந்தைகள் வந்து தொட்டுப் பார்க்கும் இடத்தில் வைக்கும் வள்ளத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

---

வடகடல் எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்போது நோர்வேயில் பேர்கன் நகரில் வசிக்கிறேன். மரத்தை இயற்கைப் பூச்சால் நூற்றாண்டுகள் காத்து வைத்த நாடு இது. இங்குள்ளவர்கள் அடைந்த வெற்றியும் பட்ட அடியும் இரண்டுமே உங்களுக்கு உதவும்.

வெற்றி, மரத் தேவாலயங்கள். நடுக்காலத்தில் கட்டப்பட்டவை 28 இன்னும் நிற்கின்றன. போர்குண்ட் தேவாலயம் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. மழையும் பனியும் ஓயாத இடத்தில் நிற்கிறது. அதைக் காத்தது பைன் தார். பைன் மரத்தின் பிசின் நிறைந்த வேர்களையும் கட்டைகளையும் மண்ணால் மூடிய சூளையில் மெல்லப் புகையவிட்டு வடித்தெடுப்பது. நம் ஊரில் சாலை போடும் தார் முற்றிலும் வேறு பொருள். தயவுசெய்து யாரும் அதை எடுத்து வள்ளத்தில் பூசிவிடாதீர்கள். பைன் தாரைச் சூடாக்கிப் பூசுவார்கள். வெயில் படும் தெற்குச் சுவரில் அது சீக்கிரம் உதிரும், மறுபடி பூசுவார்கள். இப்படித் தலைமுறை தலைமுறையாக.

அடி, ஓசெபெர்க் கப்பல் புதையலில் விழுந்தது. 1904-இல் அகழ்ந்தெடுத்த வைக்கிங் காலக் கப்பல் அது. கப்பலின் ஓக் பலகைகள் நன்றாகவே தப்பின, மெதுவாக உலர்த்தினார்கள். ஆனால் அதனுடன் கிடைத்த சறுக்குவண்டிகள், செதுக்கு வேலைப்பாடுகள் பலவற்றை அந்தக் காலத்தின் சிறந்த முறை என்று நம்பிப் படிகாரக் கரைசலில் சூடாக்கினார்கள். பிறகு மேலே ஆளிவிதை எண்ணெயும் வார்னிஷும் பூசினார்கள். பல பத்தாண்டுகள் பார்க்க அழகாக இருந்தன. உள்ளே படிகாரத்திலிருந்து உண்டான கந்தக அமிலம் மரத்தைத் தின்றுகொண்டிருந்தது. இன்று அவற்றில் சிலவற்றை மேலே உள்ள வார்னிஷ் ஓடுதான் தாங்கி நிற்கிறது; உள்ளே மரம் பொடியாகிவிட்டது. அவற்றைக் காப்பாற்ற இங்கே பெரிய ஆய்வே நடக்கிறது.

நூறு ஆண்டுக்கு முன் ஒருவர் நல்லெண்ணத்தோடு செய்ததை இன்று யாராலும் திரும்ப எடுக்க முடியவில்லை. அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று: நீங்கள் பூசப்போவதை, நாளை இன்னொருவர் மரத்துக்குச் சேதமில்லாமல் எடுக்கவோ புதுப்பிக்கவோ முடியுமா? பாலியூரித்தேன் கெட்டியானபின் எந்தத் திரவத்திலும் கரையாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சுரண்டினால் மரமும் போகும்.

---

மெருகு எழுதியது:

கொச்சியில் படகுப் பூச்சு வேலையில் இருக்கிறேன். எல்லாரும் சேர்ந்து பாலியூரித்தேனை இப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயம் இல்லை. நன்கு உலர்ந்த மரத்தில், முறையாகப் பூசினால், அது பல ஆண்டு உழைக்கிறது. மறுபக்கம், ஆளிவிதை எண்ணெய் பூசிய மரம் நம் கடற்கரை ஈரத்தில் கறும்பூஞ்சை பிடித்து நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பச்சை ஆளிவிதை எண்ணெய் பூஞ்சைக்கு உணவு. நோர்வேயின் குளிருக்கு ஏற்றதை அப்படியே தூத்துக்குடிக்குச் சொல்லக்கூடாது. இயற்கை என்ற சொல்லாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது.

இன்னொன்று. மரத்தின் மேற்பரப்பைக் கெடுப்பதில் மழையைவிட வெயிலுக்குப் பங்கு அதிகம். மரநார்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னினைப் புறஊதாக் கதிர் சிதைக்கிறது. ஊடுருவித் தெரியும் வார்னிஷ் எதுவானாலும், குங்கிலியமோ கோபால் என்ற பிசினோ, வெளிச்சத்தை உள்ளே விடும். அடியில் மரத்தின் மேல்தோல் சிதைந்தபின் பிடிப்புப் போய் வார்னிஷ் செதிலாக உரியும். இன்றைய படகு வார்னிஷ்களில் புறஊதாவைத் தடுக்கும் பொருள் சேர்க்கிறார்கள். குங்கிலியத்தில் அது எங்கே?

---

உளிச்சத்தம் எழுதியது:

மெருகு சொல்லும் வெயில் விஷயத்தை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். பூஞ்சை விஷயத்தையும். புதிதாகக் கட்டும் உல்லாசப் படகுக்கு அவர் சொல்வதையே நானும் செய்வேன். ஆனால் இங்கே நம் முன் இருப்பது நன்கு உலர்ந்த புது மரம் அல்ல. பல பத்தாண்டு உப்பும் மீன் எண்ணெயும் குடித்த மரம். எண்ணெய் ஊறிய மரத்தில் அந்தப் படலம் ஒழுங்காகப் பிடிக்கவே பிடிக்காது. பிடிக்க வைக்க வேண்டுமானால் கறுத்த மரத்தை எல்லாம் இழைத்துத் தள்ள வேண்டும். அந்தக் கறுப்பு அழுக்கு அல்ல. அந்த வள்ளம் உழைத்த உழைப்பின் தடயம்.

வெயிலுக்கு மருந்து கூரையை நீட்டுவது. மேற்கிலும் தெற்கிலும் தாழ்வாரத்தை இறக்கிவிடுங்கள். ஓலைத் தட்டியோ மூங்கில் தட்டியோ தொங்கவிடுங்கள். அதற்குச் செலவாகும் பணம் எந்த வார்னிஷுக்குச் செலவாகும் பணத்தைவிடவும் நன்மை தரும். மீதி இருப்பதை எண்ணெய் பார்த்துக்கொள்ளும்.

---

கொற்கைத்துறை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. உளிச்சத்தம் அண்ணன் சொன்னபடி குத்தூசியோடு உட்கார்ந்தேன். ஏரா கல்போல இருக்கிறது. பலகைகளும் அப்படியே. ஆணிகள் இரும்பு, சில இடங்களில் துரு கசிந்து கறுத்திருக்கிறது, சுற்றிலும் மரம் லேசாக மெத்தென்று இருக்கிறது. அணியத்துக்குப் பக்கத்தில் இரண்டு விலாக்கட்டைகளின் அடிமுனை உளுத்திருக்கிறது. மழைத் தண்ணீர் தேங்கிய இடம். ஈரமானி ஒன்றைத் தச்சுப் பட்டறையில் இரவல் வாங்கி அளந்தோம். பெரும்பாலான இடங்களில் 20-க்குக் கீழே. உளுத்த இடத்தில் மட்டும் மேலே. வள்ளம் இனித் தண்ணீரில் இறங்காது.

ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. வெளிப்புற எனாமல் ஓரிடத்தில் தானாக உரிந்திருந்தது. அடியில் வேறொரு நிறம், அதற்கும் அடியில் இன்னொன்று. அணியத்தில் இப்போதுள்ள பெயருக்குக் கீழே வேறு எழுத்துகளின் மேடு கைக்குத் தட்டுப்படுகிறது. என் அம்மாவிடம் கேட்டேன். அவர் பிறப்பதற்கு முன்பு வள்ளத்துக்கு வேறு பெயர் இருந்ததாம். என்ன பெயர் என்று அவருக்கும் நினைவில்லை.

பலகைகளுக்கு நடுவே சந்துகள் திறந்திருக்கின்றன. சில இடங்களில் வெளிச்சம் தெரிகிறது. பட்டி வைத்து அடைக்கலாமா?

---

உளிச்சத்தம் எழுதியது:

பெயிண்டைத் தொடாதீர்கள், தம்பி. நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அந்த அடுக்குகள்தான் வள்ளத்தின் பதிவேடு. எந்த ஆண்டில் எந்த நிறம், எப்போது பெயர் மாறியது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. சுரண்டிவிட்டால் உலகத்தில் வேறெங்கும் அது கிடைக்காது. மரபுக் கட்டடங்களுக்கான பன்னாட்டு அமைப்பான இகோமோஸ், மரக் கட்டுமானங்களைப் பேணுவதற்கான நெறிகளை 2017-இல் டெல்லியில் கூடித்தான் புதுப்பித்தது. அதிலும் அடிப்படை இதுவே: தேவையான அளவுக்கு மட்டும் கை வையுங்கள், செய்ததை முடிந்தவரை திரும்ப எடுக்கும்படி செய்யுங்கள், மூல மரத்தை இயன்ற அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

தளர்ந்த பெயிண்ட் செதில்களை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால் போதும். உறுதியாக இருப்பது இருக்கட்டும். அந்தப் பெயர்ப் பகுதியைச் சாய்வெளிச்சத்தில் புகைப்படம் எடுங்கள்: மாலையில் இருட்டியபின் பக்கவாட்டில் ஒரு விளக்கை வைத்துப் படம் எடுத்தால் அடியில் இருக்கும் எழுத்துகளின் மேடு நிழலாகத் தெரியும். சுரண்டாமலே பெயரைப் படித்துவிடலாம்.

உளுத்த இரண்டு முனைகளையும் முழுதாக மாற்ற வேண்டாம். கெட்ட பகுதியை மட்டும் சாய்வாக அறுத்து, அதே நாட்டுக் கருவேலத்தில், அதே வளைவுள்ள கிளையாகத் தேடிப் பொருத்துங்கள். புதுத் துண்டின் மறைவான பக்கத்தில் ஆண்டைச் சுட்டுப் பொறித்துவிடுங்கள். பின்னால் வருபவர்களுக்குப் பழையது எது, புதியது எது என்று தெரியட்டும்.

பட்டி கூடவே கூடாது. உலர்ந்த மரம் சுருங்கி நிற்கிறது. ஐப்பசி மழையில் அது உப்பும். சந்தில் கெட்டியான பட்டி இருந்தால் பலகைகள் ஒன்றையொன்று தள்ளி ஆணியை இழுத்துவிடும். சந்து திறந்திருப்பதால் தரையில் நிற்கும் வள்ளத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. பழைய கலப்பற்றில், அதாவது சந்துகளை அடைத்த அடைப்பில், மிச்சமிருக்கும் நாரை அப்படியே விடுங்கள்.

---

தொல்கலம் எழுதியது:

கலப்பற்று என்றதும் ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. உங்கள் ஊருக்கு அருகில் உள்ள பழையகாயலை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வருணித்திருக்கிறார். இந்தியாவுக்கு வந்துபோன சீனக் கப்பல்களைப் பற்றி எழுதும்போது, அவற்றுக்குக் கீல் (தார் போன்ற பிசின்) பூசுவதில்லை, சுண்ணாம்பையும் நறுக்கிய சணலையும் ஒரு மரத்தின் எண்ணெயோடு சேர்த்து இடித்துப் பூசுகிறார்கள் என்று குறிப்பிடுகிறார். அந்த மர எண்ணெய் கரும்பலகை ஐயா சொன்ன டங் எண்ணெய்தான். சீனத்தில் சுவான்சோ துறைமுகத்தில் 1974-இல் அதே நூற்றாண்டுக் கப்பல் ஒன்றைத் தோண்டி எடுத்தபோது, பலகைச் சந்துகளில் அந்தக் கலவை அப்படியே இருந்தது. 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊரும் அதே சுவான்சோதான். நம் வணிகர்கள் அந்தச் சுண்ணாம்பு எண்ணெய்க் கலவையைக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது.

உங்கள் வள்ளத்தின் சந்தில் இருக்கும் பழைய கலவையில் ஒரு சிட்டிகை எடுத்து, எடுத்த இடத்தைக் குறித்து, சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு வையுங்கள். எந்த எண்ணெய், எந்தப் பிசின் என்று பின்னாளில் ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிடுவார்கள். எண்ணெய் பூசுவதற்கு முன்பே எடுக்க வேண்டும்.

---

கரும்பலகை எழுதியது:

இனிப் பூச்சுக்கு வருகிறேன். மெருகு சொன்ன பூஞ்சைக் கவலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெளிப்புறப் பெயிண்ட் இருக்கும் இடங்களுக்கு எண்ணெயே வேண்டாம். வெறும் மரம் தெரியும் இடங்களுக்கும் உட்புறத்துக்கும் மட்டும் போதும். முதலில் உலர்ந்த தூரிகையால் தூசியையும் உப்புப் பொருக்கையும் நீக்கிவிட்டு, நன்றாகப் பிழிந்த நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, நிழலில் உலர விடுங்கள். காற்று அடிக்கும் ஆனி ஆடியில் வேண்டாம். மணல் வந்து ஒட்டும். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் அடங்கிய மாசி, பங்குனி உங்கள் பகுதிக்குச் சரியான காலம்.

டங் எண்ணெய் கிடைத்தால் அதுவே பூஞ்சைக்கு அதிகம் இடம் கொடுக்காதது. கிடைக்காவிட்டால் ஆளிவிதை எண்ணெய். ஆனால் பச்சையாக அல்ல, காய்ச்சியது. முதல் கைக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. மெல்லிய துணியால் தேயுங்கள். அரை மணி நேரத்துக்குள் மரம் குடிக்காமல் மேலே நிற்பதை எல்லாம் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் சோம்புகிறார்கள். மேலே நின்ற எண்ணெய்தான் பிசினாகி, தூசி பிடித்து, பூஞ்சைக்கு வீடாகிறது. அது முழுதும் இறுகியபின், தேவைப்பட்டால் மட்டும் இன்னொரு கை. மீன் எண்ணெய் ஏற்கெனவே ஊறிய இடங்கள் ஒரு கைக்கு மேல் கேட்காது.

குங்கிலியத்தை நான் ஓரளவுக்குத்தான் சேர்ப்பேன். உடைத்துத் துணியில் முடிந்து டர்பன்டைனில் தொங்கவிட்டால் அடுப்பே இல்லாமல் கரையும். வெண்குங்கிலியம் நிறம் குறைவானது. அது மட்டும் தனியாக இறுகினால் நொறுங்கும் தன்மை உடையது. அசையும் மரத்தில் வெடிக்கும். எண்ணெயே பெரும்பங்கு, பிசின் சிறுபங்கு என்று இருந்தால் படலம் வளைந்து கொடுக்கும். அணியத்தின் மேல்முனை, கைபடும் விளிம்புகள் ஆகியவற்றுக்கு மட்டும் அந்தக் கலவை போதும். பழைய ஏடுகளில் இருக்கிறது என்று எண்ணெயையும் பிசினையும் சேர்த்து அடுப்பில் கொதிக்கவிட யாரும் முயல வேண்டாம். அந்த ஆவி தீப்பிடித்தால் அணைப்பது எளிதல்ல.

தீ என்றதும் இதைவிட முக்கியமான ஒன்று. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். காயும் எண்ணெய் ஆக்ஸிஜனை ஏற்கும்போது வெப்பம் வெளியாகிறது. சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்ந்து, தீக்குச்சியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற உயர்ந்த கட்டடத்தின் 22-ஆம் மாடியில், மரவேலையைத் துடைத்த ஆளிவிதை எண்ணெய்த் துணிகளிலிருந்துதான் தீ தொடங்கியது. தீயணைப்பு வீரர்கள் 3 பேர் உயிரிழந்தார்கள். உங்கள் வேலை நடப்பது நூலக முற்றத்தில். துணிகளைத் தண்ணீரில் முக்குங்கள், அல்லது ஒவ்வொன்றாக விரித்து வெளியே கொடியில் போட்டு விறைத்துக் காயவிடுங்கள். வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிவிட்டுத்தான் எண்ணெய் டப்பாவைத் திறக்க வேண்டும்.

---

நிலைக்கதவு எழுதியது:

இழையின் நடுவே கேட்பதற்கு மன்னிக்கவும். காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டில் பர்மாத் தேக்கு நிலையும் கதவும் இருக்கின்றன. உள்முற்றத்தை ஒட்டியவை, மழை படாது. அவற்றுக்கும் இதே எண்ணெய்தானா?

---

உளிச்சத்தம் எழுதியது:

மழை படாத உட்புறக் கதவுக்கு அரக்கு மெருகு அருமையானது. அரக்குச் சீவலை ஆல்கஹாலில் கரைத்துத் துணிப்பந்தால் மெல்லிய கைகளாக ஏற்றுவது. பிற்காலத்தில் வேண்டாம் என்றால் ஆல்கஹாலாலேயே துடைத்து எடுத்துவிடலாம். தண்ணீர் பட்டால் வெளுக்கும். ஆகவே வாசல் கதவுக்கும் படகுக்கும் அது ஆகாது. தேக்கில் இயல்பான எண்ணெய் இருப்பதால் ஆளிவிதை எண்ணெய் அதன்மேல் மெதுவாகத்தான் காயும். கதவில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதை நீக்குவதுதான் முதல் வேலை. காஸ்டிக் சோடா போட்டுக் கழுவித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். தேக்கு கறுத்து நார் எழும்பிவிடும். தனி இழை தொடங்குங்கள், படங்களோடு பேசலாம்.

---

மெருகு எழுதியது:

கரும்பலகை ஐயா சொன்ன முறையில் எனக்கு மறுப்பு இல்லை. மேலே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிட்டால் பூஞ்சைப் பிரச்சினையில் பெரும்பாதி தீர்ந்துவிடும். ஆனால் ஒரு கேள்வி கொற்கைத்துறையிடம். இந்தப் பூச்சு ஒருமுறை செய்துவிட்டு மறக்கும் பூச்சு அல்ல. ஆண்டுதோறும் ஒருவர் வள்ளத்தைச் சுற்றிப் பார்த்து, வறண்ட இடத்தில் எண்ணெய் தேய்க்க வேண்டும். அதைச் செய்வது யார்? நூலகக் குழு மாறும், நீங்கள் வேலைக்காக வெளியூர் போகலாம். ஆள் இல்லையென்றால் இயற்கைப் பூச்சு சில ஆண்டுகளில் வறண்டு, மரம் நரைத்து நிற்கும். இதற்கு விடை இல்லாமல் எண்ணெயைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

---

வடகடல் எழுதியது:

மெருகு கேட்டதுதான் இந்த இழையிலேயே மிகவும் தேவையான கேள்வி. இங்கே தேவாலயங்கள் தப்பியதற்கும் அதுதான் காரணம்: தார் பூசுவது ஊராரின் கடமையாக இருந்தது. எங்கள் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓடிப்போய்ச் சேர்ந்தது. அத்தனை பெருமை வாய்ந்த கப்பலின் ஒரு பலகையைக்கூட இன்று எங்கள் பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்ட முடியவில்லை. உங்களிடம் முழு வள்ளமே இருக்கிறது. ஊரில் ஆளை ஏற்பாடு செய்யுங்கள்.

---

கொற்கைத்துறை எழுதியது:

ஊரில் பேசிவிட்டேன். எங்கள் ஊரில் ஓடாவி வேலை தெரிந்த முதியவர் ஒருவர் இருக்கிறார். கை நடுங்குவதால் உளி பிடிப்பதில்லை. விலாக்கட்டை இணைப்பைத் தான் உட்கார்ந்து சொல்லித் தருவதாகவும், உள்ளூர்த் தச்சர் செய்யலாம் என்றும் ஒப்புக்கொண்டார். அதை முழுவதும் படம் பிடிக்கப்போகிறோம். ஆண்டு எண்ணெய் வேலையைப் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்களிடம் ஒப்படைக்கத் தலைமையாசிரியர் சம்மதித்திருக்கிறார். பங்குனியில் ஒரு நாள். பெரியவர்கள் உடன் இருப்பார்கள். துணிகளை விரித்துக் காயப்போடுவது முதல் பாடமாக இருக்கும். நூலகத்தில் ஒரு குறிப்பேடு வைத்து, எந்த ஆண்டு, எந்த இடத்தில், என்ன எண்ணெய் என்று எழுதிவைப்போம்.

சாய்வெளிச்சத்தில் படம் எடுத்தோம். அடியில் இருக்கும் பெயரில் முதல் இரண்டு எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன: "மரி". மீதி தெரியவில்லை. மாதா கோயில் ஊர் ஆகையால் மரியாள் பெயராக இருக்கலாம் என்று அம்மா சொல்கிறார்.

கடைசியாக இரண்டு ஐயங்கள். பெயிண்ட் கடையில் "டபுள் பாயில்டு" என்று விற்பதையே வாங்கலாமா? வள்ளத்தை எதன்மேல் நிறுத்துவது? நூலகத்தார் சிமெண்ட் மேடை கட்டி அதன்மேல் அப்படியே வைக்கலாம் என்கிறார்கள்.

---

கரும்பலகை எழுதியது:

வாங்கலாம், ஆனால் சோதித்துவிட்டு. அதில் விரைவாகக் காய்வதற்கு உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். அதனால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் கையுறை போடுங்கள். மலிவான டப்பாக்களில் வேறு எண்ணெய் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. ஒரு கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தடவித் தூசி படாத இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் விரலில் ஒட்டாத படலமாகிவிட்டால் நல்லது. ஒரு வாரம் ஆகியும் பிசுபிசுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

---

உளிச்சத்தம் எழுதியது:

சிமெண்ட் மேடையில் நேராக வைக்கக் கூடாது. சிமெண்ட் தரையின் ஈரத்தை ஏராவுக்கு ஏற்றும், கரையானும் அந்த வழியாக வரும். முதலில் கருங்கல் துண்டுகள், அவற்றின்மேல் ஈயத் தகடோ தடித்த ரப்பரோ, அதன்மேல் ஏராவின் கீழ்க்கோட்டுக்கு ஏற்ப வெட்டிய மரத் தாங்கிகள். எடை முழுவதும் ஏராவின் மேல் இறங்க வேண்டும். பக்கத்தில் வைக்கும் முட்டுகள் வள்ளம் சாயாமல் பிடிப்பதற்கு மட்டுமே, பலகையை அழுத்தக் கூடாது. அடியில் ஒருவர் குனிந்து போய்ப் பார்க்கும் அளவுக்கு உயரம் விடுங்கள், குத்தூசி எட்ட வேண்டும். தாங்கிகளின் இடைவெளியைத் தீர்மானிப்பதற்கு முன் ஏராவின் நீளத்தையும், நடுவில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதையும் நூல் கட்டி அளந்து எழுதுங்கள். வரைந்து அனுப்புகிறேன்.